உப்புத் தண்ணில ஊற வெச்சா சாயம் நிக்குமா?

விம்கோ நகர்ல மெட்ரோ ஏறினா மூணாவது ஸ்டாப் காலடிப்பேட்டை. 1717 முதல் 1720 வரை மெட்ராஸ் கவர்னரா இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியமர்த்தின ஊர். காலெட் பேட்டைதான் காலடிப்பேட்டை ஆச்சு.

மெட்ராஸ்ங்கிற பேரே கட்டம் போட்ட பருத்தித் துணிக்கும் பேராச்சு. 1958-ல அந்தத் துணியில தெச்ச உடுப்புகளை அமெரிக்காவுல ப்ரூக்ஸ் பிரதர்ஸ் வித்தாங்க. துவைச்சா சாயம் ஓடிச்சு. அப்புறம் அதையே பெருமையாச் சொல்லி, ‘ப்ளீடிங் மெட்ராஸ்’னு விளம்பரம் பண்ணி வித்தாங்க!

சாயம் ஏன் போகுது? ஒவ்வொரு நூலுக்கும் ஒவ்வொரு சாயம்தான் ஒத்துக்கும். பட்டு, கம்பளி, நைலானுக்கு ஆசிட் டை. அமிலம் கலந்த தண்ணியில இந்த நூல்களுக்கு பாசிட்டிவ் சார்ஜ் வரும். நெகட்டிவ் சார்ஜ் உள்ள சாயம் போய் ஒட்டிக்கும். வீட்டுல பண்ணா வினிகரே போதும். ஆனா பருத்தியில அந்தப் பிடிப்பு கிடையாது. ஆசிட் டை அலசினதும் போயிடும்.

பருத்திக்கு டைரக்ட் டை போடலாம். ஆனா அது லேசா ஒட்டுறதால, துவைக்கத் துவைக்க வெளுக்கும். 1956-ல வந்த ரியாக்டிவ் டை நூலோட ரசாயனப் பிணைப்பே போட்டுக்கும். உங்க டி-ஷர்ட்ல இருக்கிறது பெரும்பாலும் அதுதான்.

இங்கதான் உப்பு வருது. சாயத்தைத் தண்ணியிலிருந்து நூல் பக்கம் தள்ளுறது உப்போட வேலை. பிணைப்பு போட வைக்கிறது சோடா மாதிரி காரம். அதனால, சாயம் போட்டு முடிச்ச புதுச் சட்டையை உப்புத் தண்ணியில ஊற வெச்சா பெருசா ஒண்ணும் ஆகாது.

அந்த உப்பு நூல்ல தங்காது. மொத்தமும் கழிவுத் தண்ணியில போகும், கூடவே ஒட்டாத சாயமும். திருப்பூர்ல அது நொய்யல் ஆத்துல கலந்தது. பாசனத்துக்குக் கட்டின ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணி பயிருக்கு ஆகாமப் போச்சு. விவசாயிகள் வழக்குப் போட்டாங்க. 2011 ஜனவரியில சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவுத் தண்ணியை ஒரு சொட்டுகூட வெளியே விடாம சுத்திகரிக்கணும், உப்பையும் பிரிச்செடுக்கணும்ங்கிறதுதான் இப்போ அங்க விதி. அதுக்கான செலவும் துணி விலையில சேரணும்.

அடுத்த தடவை ‘சாயம் போகாத டி-ஷர்ட், ரொம்ப சீப்’னு பாத்தா, அந்த உப்பு எங்க போச்சுன்னும் கேளுங்க. அடுத்த எபிசோட்ல பேசுவோம்.