முட்டைக் குழம்பு எத்தனை நாள் தாங்கும்?

மதியம் வைத்த முட்டைக் குழம்பை இரவு வரை அடுப்பிலேயே விட்டுவைக்காதீர்கள். நம் ஊர் வெக்கையில் கிருமி சீக்கிரம் பெருகும். வாடையோ ருசியோ அதைக் காட்டிக்கொடுக்காது. சில கிருமிகளின் நஞ்சு, மறுபடி கொதிக்க வைத்தாலும் போகாது. வயதானவர்களுக்கு வயிற்றுப்போக்கு கண்டால் உடலில் நீர் வற்றி, மருத்துவமனை வரை போக நேரலாம்.

சமைத்து 2 மணி நேரத்துக்குள், 32 டிகிரி தாண்டும் நாளில் 1 மணி நேரத்துக்குள், சிறு பாத்திரங்களில் பிரித்து ஃபிரிட்ஜில் வையுங்கள். குழம்பு, சம்பால், பொரியல் 3 முதல் 4 நாள் தாங்கும். அவித்த முட்டை 1 வாரம். ஃபிரீசரில் அவித்த முட்டை வேண்டாம். வெள்ளைக்கரு ரப்பர் போலாகிவிடும். சாப்பிடும் அளவை மட்டும் எடுத்து, ஆவி பறக்கச் சூடாக்குங்கள். மூடியில் தேதி எழுதி ஒட்டுங்கள். நாள் கடந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.