உயிர் மீண்ட பின் நினைவு மீளும் காலம்



2021 ஜூன் 12 அன்று டென்மார்க் நாட்டின் கோபன்ஹேகன் நகரில் ஐரோப்பியக் கோப்பைக் கால்பந்துப் போட்டி நடந்துகொண்டிருந்தது. முதற்பாதி முடியும் தறுவாயில், எவரும் மோதாத நிலையில், கிறிஸ்டியன் எரிக்சன் என்னும் 29 வயது வீரர் தரையில் சரிந்தார். அவருடைய இதயம் நின்றுவிட்டது. மருத்துவக் குழுவினர் களத்திலேயே மார்பை அழுத்தி, மின்னதிர்ச்சி அளித்தனர். மைதானத்தை விட்டுக் கொண்டுசெல்லப்படும்போதே அவர் கண்விழித்திருந்தார். பின்னர் உடலினுள் டிஃபிபிரிலேட்டர் கருவி பொருத்தப்பட்டது. 2022 பிப்ரவரியில் இங்கிலாந்தின் பிரென்ட்ஃபோர்டு அணிக்காக மீண்டும் களமிறங்கிய அவர், 2024 ஐரோப்பியக் கோப்பையில் கோலும் அடித்தார்.

இதயம் நின்று மீண்டவர் பழையபடி ஆகிவிடுவார் என்ற எண்ணத்தை இத்தகைய செய்திகள் எளிதில் உண்டாக்கிவிடுகின்றன. எரிக்சனுக்கு வாய்த்தது பலருக்கு வாய்ப்பதில்லை. அவர் விழுந்த இடத்தில் பயிற்சி பெற்ற கைகளும் கருவியும் ஆயத்தமாக இருந்தன. வீட்டுத் திண்ணையிலோ பேருந்திலோ விழுபவருக்கு அந்த முதல் சில நிமிடங்கள் வீணே கழிந்துவிடுகின்றன.

மாரடைப்பும் இதய நிறுத்தமும் ஒன்றல்ல. மாரடைப்பு என்பது இதயத் தசைக்குச் செல்லும் இரத்தக்குழாய் அடைபடுவது. அப்போது நோயாளி பெரும்பாலும் நினைவோடு இருப்பார். இதய நிறுத்தத்தில் இரத்த ஓட்டமே நின்றுபோகிறது. முன்னது பின்னதற்குக் காரணமாகலாம். உடல் எடையில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கே உள்ள மூளை, உடல் பயன்படுத்தும் பிராணவாயுவில் ஐந்தில் ஒரு பங்கைத் தான் பெற்றுக்கொள்கிறது. சேமிப்பு என்று அதற்கு ஏதுமில்லை. ஆகவே ஓட்டம் நின்ற சில நொடிகளில் நினைவு தப்புகிறது. நான்கைந்து நிமிடங்களுக்கு மேல் மூளையின் நரம்பணுக்கள் சிதையத் தொடங்குகின்றன. எல்லாப் பகுதிகளும் ஒருங்கே சிதைவதில்லை. புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதி முதலில் அடிபடுவனவற்றுள் ஒன்று.

அதன் விளைவு வீட்டில்தான் தெரியவருகிறது. மருத்துவமனையிலிருந்து திரும்பியவர் நடக்கிறார், உண்கிறார், வந்தவரை நலம் விசாரிக்கிறார். பார்க்க வந்த உறவினர் "பழைய ஆளாகவே இருக்கிறாரே" என்று மகிழ்ந்து செல்கின்றனர். மறுநாள் அவரே, மகள் எப்போது வருவாள் என்று காலையில் கேட்டதை மதியமும் கேட்கிறார், மாலையும் கேட்கிறார். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிகிறது. முப்பது ஆண்டுகள் கடைக் கணக்கு எழுதிய கை ஒரு பக்கக் கூட்டலில் தடுமாறுகிறது. நால்வர் ஒருசேரப் பேசினால் சினம் பொங்குகிறது; பத்து மணிக்கே களைத்துப் படுத்துவிடுகிறார். இவற்றைச் சோம்பல் என்றும், அக்கறையின்மை என்றும், சில வீடுகளில் வேண்டுமென்றே செய்வது என்றும் பெயரிட்டுவிடுகின்றனர். நோயைக் காட்டிலும் இப்பெயர்களே அவரை மிகுதியாக வருத்துகின்றன. கை முறிந்தவரிடம் ஏன் குடம் தூக்கவில்லை என்று எவரும் கேட்பதில்லை. மூளையின் காயத்துக்குக் கட்டு இல்லாததால் கேள்வி எழுகிறது.

இது அரிதான நிலையன்று. உயிர் மீண்டவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு நினைவு, கவனம், திட்டமிடல் ஆகியவற்றில் ஏதேனும் ஒரு குறை இருப்பதாக ஆய்வுகள் தெரிவிக்கின்றன. பெரும்பாலும் அது மிதமான குறையே. மீட்சியின் பெரும்பகுதி முதல் மூன்று மாதங்களில் நிகழ்கிறது. அதன் பின்னும் மெல்லத் தொடர்கிறது. விழுந்த நாளின் நினைவு மட்டும் பெரும்பாலோர்க்குத் திரும்புவதே இல்லை. அதை நினைவூட்ட முயன்று அவரைச் சோதிக்க வேண்டியதில்லை. டென்மார்க்கில் நாடு தழுவிய பதிவேடுகளைக் கொண்டு செய்த ஆய்வில், முன்பு பணியில் இருந்து உயிர் பிழைத்தவருள் நான்கில் மூன்று பங்கினர் பணிக்குத் திரும்பியது தெரியவந்தது. நம்பிக்கைக்கு இடமுண்டு.

மருந்தால் இதைத் தீர்க்க முடியுமா என்று பலர் வினவுகின்றனர். உடலைக் குளிர்வித்தால் மூளை காக்கப்படும் என 2002-இல் வெளியான இரு ஆய்வுகள் பெருநம்பிக்கை ஊட்டின. 2021-இல் வெளியான, ஏறத்தாழ 1,900 நோயாளிகள் பங்கேற்ற ஆய்வில், 33 பாகை வரை குளிர்விப்பது காய்ச்சல் வாராமல் காப்பதைவிட மேலானதாக விளங்கவில்லை. தான் நம்பியதைத் தானே சோதித்துத் திருத்திக்கொள்வது மருத்துவத்தின் பெருமையே. ஆயினும் இழந்த நினைவாற்றலை மீட்டுத் தரும் மாத்திரை இன்னும் இல்லை.

மாத்திரை இல்லாத இடத்தில் பயன் தந்தது பேச்சும் பொறுமையுமே. நெதர்லாந்தில் பயிற்சி பெற்ற செவிலியர் உயிர் மீண்டவரையும் குடும்பத்தாரையும் சில முறை சந்தித்து, மறதியும் சோர்வும் ஏன் வருகின்றன என விளக்கி, தேவைப்பட்டோரை மேல்சிகிச்சைக்கு அனுப்பும் முறை ஒன்று சோதிக்கப்பட்டது. ஓராண்டின் முடிவில் அவ்வாறு பேசப்பெற்றவர்களின் மனக்கலக்கம் குறைந்தும் வாழ்க்கைத்தரம் உயர்ந்தும் இருந்தது. அமெரிக்க இதயச் சங்கமும் 2020-இல் தன் உயிர்காப்புச் சங்கிலியில் மீட்சி என்பதை ஆறாம் கண்ணியாகச் சேர்த்தது.

வீட்டில் செய்யத்தக்கவை எளியவை. ஒரு நேரத்தில் ஒரு வேலை. சட்டைப்பையில் ஒரு குறிப்பேடு. கிழமை எழுதிய மாத்திரைப் பெட்டி. களைப்பு வரும் முன்பே ஓய்வு. கடைக்குத் திரும்பினால் முதலில் ஒரு மணி நேரம், பிறகு இரண்டு. வண்டி ஓட்டுவதும் பெரிய பணவிவகாரங்களும் மருத்துவர் சொல்லும் வரை பிறர் கையில் இருக்கட்டும்.

மனைவியின் நிலையும் நோக்கத்தக்கது. கணவரின் மார்பைத் தானே அழுத்தி உயிர் காத்தவர் எத்தனையோ இரவுகள் உறங்காமல் அவர் மூச்சைக் கவனித்துக் கிடக்கிறார். அவருக்கும் அச்சம் தீரவில்லை. அவரையும் ஒரு மருத்துவர் கேட்டறிய வேண்டும்.

ஐரோப்பிய மருத்துவ நெறிமுறைகள் வீடு திரும்பிய மூன்று மாதங்களுக்குள் நினைவுத்திறனைச் சோதிக்க வேண்டுமென வலியுறுத்துகின்றன. இங்கே இதயத்துக்கு எதிரொலிப் படம் எடுக்கத் தவறுவதில்லை. நினைவைப் பற்றிக் குடும்பத்தார் தாமே கேட்டால்தான் பேச்சு எழுகிறது. 30 மதிப்பெண் கொண்ட மோகா சோதனை தமிழிலும் உண்டு. முடிக்கப் பத்து நிமிடம் போதும். அன்று நோயாளி தனியே செல்லலாகாது. தன் மறதி தனக்கே தெரியாமல் இருப்பது இந்நோயின் இயல்பு. எனவேதான் நோயாளியிடம் கேட்பதற்கென்றே அன்றி, அவரோடு வாழ்பவரிடம் கேட்பதற்கென்றும் தனிக் கேள்வித்தாள் வகுத்திருக்கின்றனர்.