மெட்டுப் போட்டவருக்கு நாம் பட்ட கடன்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இவ்விழாவில் ஏதேனும் ஒரு பொருள் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தார். நாம் மெட்ரிகுலேஷன் வரை படித்து, ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளுக்கிடையே காலம் கழிப்பவர். இசை இலக்கணம் பேச நமக்குத் தகுதி இல்லை. ஆயினும் இச்சங்கத்தின் கணக்குப் புத்தகத்தைப் பல ஆண்டுகளாக எழுதி வருகிறோம். அப்புத்தகம் நமக்குக் கற்பித்த பாடம் ஒன்றை இன்று சொல்ல விழைகிறோம். எந்த முதலாளியிடமும் மாதச் சம்பளம் பெறாமல், நாடகத்திற்கும் திரைப்படத்திற்கும் இசையமைத்துப் பிழைப்பவர்களைப் பற்றிய பாடம் அது.

கரக்பூர் காலனியில் வாழும் நம் நிலையை முதலில் எண்ணிப் பாருங்கள். மாதம் முடிந்தால் சம்பளம். விலைவாசி ஏறினால் பஞ்சப்படி. ஊருக்குப் போய் வரப் பாஸ். நோயுற்றால் ரயில்வே மருத்துவமனை. வண்டி தாமதமாக ஓடினாலும் நம் சம்பளம் தாமதமாவதில்லை. தனித்து நின்று இசையமைப்பவருக்கோ இவற்றுள் ஒன்றும் இல்லை. ஒரு படம் முடிந்து அடுத்த படம் வரும்வரை அவர் வீட்டு அடுப்பு எரிவது அவரவர் அதிர்ஷ்டம்.

அவர் செய்யும் வேலைதான் யாது? பாட்டுக்கு மெட்டுப் போடுவது மட்டுமே என்று பலர் கருதுகின்றனர். அது வேலையின் ஒரு பகுதியே. கதையைக் கேட்டு, எந்த இடத்தில் பாட்டு வேண்டும், எந்த இடத்தில் மௌனம் வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டும். கவிஞர் எழுதிய பாட்டுக்கு மெட்டமைப்பதும் உண்டு. முதலில் மெட்டைத் தந்து அதற்கேற்பச் சொற்களை எழுதி வாங்குவதும் உண்டு. பின்னர் எந்த வாத்தியம் எங்கே ஒலிக்க வேண்டும் என்று வகுத்து, வாத்தியக்காரர்களைத் திரட்டி, ஒத்திகை பார்த்து, ஒலிப்பதிவு செய்ய வேண்டும். படம் முழுவதும் எடுத்து முடிந்த பின் பின்னணி இசை. அங்கே ஒவ்வொரு காட்சியும் விநாடிக் கணக்கில் அளக்கப்படும். நாடகத்திலோ விநாடிக் கணக்கு உதவாது. நடிகர் ஒருநாள் வேகமாகப் பேசுவார். மறுநாள் வசனத்தை மறந்து நிற்பார். இசை அவருக்காகக் காத்திருக்க வேண்டும்.

முற்காலத்தில் நிலைமை வேறாக இருந்தது. தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) காலத்து நாடகக் குழுக்களில் பாட்டு எழுதுவதும், அதைச் சிறுவர்களுக்குப் பாடிக் காட்டிப் பயிற்றுவதும் வாத்தியாரின் பொறுப்பு. குழுவோடு உண்டு, குழுவோடு உறங்கி, ஊர் ஊராகச் சென்றார்கள். பேசும் படம் வந்த பிறகு பெரிய ஸ்டூடியோக்கள் தோன்றின. அவை சிலவற்றில் இசைக்கென ஒரு பகுதியும், அதில் மாதச் சம்பளத்திற்கு வித்துவான்களும் இருந்தனர். அந்த ஸ்டூடியோக்கள் தளர்ந்தபின், படத்திற்கு இவ்வளவு என்று பேசிக்கொள்ளும் வழக்கமே நிலைத்தது. சுதந்திரம் வந்தது, கூடவே அச்சமும் வந்தது.

அக்காலத்துச் செய்தி ஒன்று திரையுலகில் இன்றும் வழங்குகிறது. மெல்லிசை மன்னர் எம். எஸ். விசுவநாதன் கோவையில் ஜூபிடர் நிறுவனத்தில் எடுபிடி வேலை செய்த இளைஞர். 1948இல் வெளிவந்த ‘அபிமன்யு’ படத்திற்காக அவர் போட்ட மெட்டு, இசையமைப்பாளர் எஸ். எம். சுப்பையா நாயுடுவின் பெயரிலேயே வெளிவந்தது. ஜூபிடர் கோவையை விட்டுச் சென்னைக்குப் பெயர்ந்தபோது, அந்த மெட்டு இந்தப் பையனுடையது, இவனைக் கைவிடாதீர்கள் என்று நாயுடு அவர்களே முதலாளிகளிடம் எடுத்துரைத்தாராம். அந்த ஒரு வாக்கு இளைஞரைச் சென்னையில் சி. ஆர். சுப்பராமனிடம் கொண்டு சேர்த்தது. 1952இல் சுப்பராமன் இளமையிலேயே மறைந்தபோது, அவர் அரைகுறையாக விட்டுச் சென்ற படங்களை விசுவநாதனும் டி. கே. ராமமூர்த்தியுமே முடித்துக் கொடுத்தனர். அதன் பிறகு நடந்ததைத் தமிழ்நாடே அறியும். இன்னாருடையது இந்த மெட்டு என்று ஒருவர் உண்மை சொன்னதால் ஒரு வாழ்க்கை மலர்ந்தது. அச்சொல்லை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் அதற்குத் திரும்புவோம்.

நமக்கு அண்டையிலுள்ள கல்கத்தாவையும் பாருங்கள். 1955இல் வெளிவந்த ‘பதேர் பாஞ்சாலி’க்கு ரவிசங்கர் ஒரே இரவு அமர்வில் இசையமைத்துப் பதிவு செய்து முடித்தார். ஓர் இரவில் முடிந்தது என்பதால் அதன் விலை ஓர் இரவின் கூலியா? அதற்குப் பின்னால் இருந்த பல்லாண்டுக் குருகுலப் பயிற்சிக்கு எந்தக் கணக்கில் பற்று எழுதுவது?

பம்பாயில் வன்ராஜ் பாட்டியா என்பவர் இருந்தார். லண்டனிலும் பாரிசிலும் மேலை இசையை முறையாகக் கற்றவர். விளம்பரங்களுக்கு ஏராளமான இசைத் துணுக்குகள் அமைத்தார். ஷ்யாம் பெனகலின் ‘அங்குர்’ (1974) முதலிய படங்களுக்கு இசை தந்தார். ‘தமஸ்’ படத்திற்காகத் தேசிய விருதும் பெற்றார். அத்தகையவர் முதுமையில் பொருள் முட்டுப்பட்டு வருந்துவதாக 2019இல் செய்தித்தாள்கள் எழுதின. 2021இல் அவர் காலமானார். விருது சுவரில் தொங்கும். மருந்துக் கடைக்காரர் அதை வாங்கிக்கொள்வதில்லை.

சட்டம் என்ன செய்தது என்று கேட்பீர்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் எழுத்தில் அமைந்த இசையையே இசைப் படைப்பாகக் கொண்டது. ஆர்மோனியத்தின் முன் அமர்ந்து பாடிக் காட்டி, நினைவிலேயே வைத்துக்கொள்ளும் நம் நாட்டு முறைக்கு அது பொருந்தவில்லை. 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் அக்குறை நீங்கியது. இதற்கிடையே 1977இல் உச்ச நீதிமன்றம், வேறு உடன்படிக்கை இல்லாதபோது, பணம் கொடுத்து இசையமைக்கச் செய்த தயாரிப்பாளரே உரிமையாளர் என்று தீர்ப்பளித்தது. மொத்தத் தொகையை ஒருமுறை வாங்கிக்கொண்டு கையெழுத்திட்டவர், தம் பாட்டு நாடெங்கும் ஒலித்தாலும் மேற்கொண்டு எதையும் கேட்க இயலாத நிலை ஏற்பட்டது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் இதை மாற்றியது. திரையரங்கில் படத்தோடு ஒலிப்பதைத் தவிர்த்த ஏனைய பயன்பாடுகளில், பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உரிமைத்தொகையில் சமபங்கு உண்டு. அதை அவர்களே விரும்பினாலும் தயாரிப்பாளருக்கு எழுதிக் கொடுத்துவிட முடியாது.

அதே சட்டம் நம்மைப் போன்ற சங்கங்களுக்கும் ஒரு சலுகை தருகிறது. பொழுதுபோக்காகக் கலை பயிலும் ஒரு சங்கம், கட்டணம் வாங்காமல் நடத்தும் நிகழ்ச்சியில் பிறர் இசையைப் பயன்படுத்தினால் அது குற்றமாகாது. நல்ல சலுகைதான். ஆனால் நமக்கென்றே ஒருவரை அழைத்துப் புதிதாக இசையமைக்கச் சொல்லிவிட்டு, வெறுங்கையோடு அனுப்புவதற்கு அச்சலுகை இடம் தரவில்லை. இங்கேதான் நமது கணக்குப் புத்தகம் வருகிறது.

2016ஆம் ஆண்டு விழாவில் நாம் சரித்திர நாடகம் ஒன்று நடத்தியது பலருக்கு நினைவிருக்கும். அதற்கு நம் காலனி இளைஞர் ஒருவரே இசையமைத்தார். பெயர் சொன்னால் அவர் கூசுவார். ஏழு பாட்டுகள். மூன்று மாதம் நாள்தோறும் மாலையில் இன்ஸ்டிடியூட் மண்டபத்திற்கு வந்தார். நாலு கட்டையில் அமைத்த பாட்டைக் கதாநாயகராக நடித்த நம் நண்பரால் எட்டிப் பிடிக்க முடியவில்லை. இளைஞர் முகம் சுளிக்காமல் இரண்டரைக் கட்டைக்கு இறக்கி, மெட்டையும் அவர் குரலுக்கேற்ப மாற்றினார். அரண்மனைத் திரையை மாற்ற இரண்டு நிமிடம் பிடித்தது. சபை சலசலக்காதிருக்க அதற்கும் ஓர் இசை அமைத்தார். நாடகம் வெற்றி பெற்றது. நாம் அனைவரும் மகிழ்ந்தோம்.

அவ்வாண்டுக் கணக்கை நம் கையாலேயே எழுதினோம். ஒலிபெருக்கி வாடகை ரூ. 6,000. விளக்கு ரூ. 4,500. உடை, சிகை வாடகை ரூ. 8,200. தேநீர், சிற்றுண்டி ரூ. 5,400. இசையமைத்தவர் பற்றிய செலவு ஒரே வரி: பொன்னாடை ஒன்று, ரூ. 250. அதைத் தணிக்கை செய்தவரும் குறை காணவில்லை. எழுதிய நமக்கும் உறுத்தவில்லை. நம் பிள்ளைதானே, பணம் கொடுத்தால் அந்நியமாகிவிடுமே என்று நம்மை நாமே தேற்றிக்கொண்டோம்.

மூன்று ஆண்டுகள் கழித்து ஒருநாள் அவ்விளைஞர் நம் அலுவலகத்திற்கு வந்தார். கல்கத்தாவில் ஒரு நாடகக் குழு இசையமைக்க ஆள் தேடுகிறது. முன்பு செய்த வேலைக்குச் சான்று கேட்கிறார்கள் என்றார். நாம் மகிழ்ந்து அலமாரியைத் திறந்து பழைய நாடக நோட்டீசை எடுத்தோம். ஒப்பனையாளர் பெயர் இருந்தது. நன்கொடையாளர் அனைவர் பெயரும் இருந்தது. திரை இழுத்தவர் பெயர்கூட இருந்தது. இசைக்கு எதிரே ‘சங்கக் கலைக்குழு’ என்று அச்சிட்டிருந்தோம். இளைஞர் அதை இருமுறை படித்தார். பரவாயில்லை, சார் என்று மட்டும் சொன்னார். சங்கத்தின் முத்திரையிட்டு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தோம். அச்சில் வேறொன்றும் கடிதத்தில் வேறொன்றும் இருந்தால் யார் நம்புவர்? அவ்வேலை அவருக்குக் கிடைக்கவில்லை. நாயுடு அவர்கள் உரிய நேரத்தில் சொன்ன ஒரு சொல்லை, நாம் சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லத் தவறினோம்.

அன்பர்களே, இது எவர் மீதும் சாட்டும் குற்றமன்று. பேனா பிடித்த நம் கையின் குற்றம். இன்று அவர் ஒரு பள்ளியில் பிள்ளைகளுக்கு இசை சொல்லித் தருகிறார். ஒழிந்த நேரத்தில் குறும்படங்களுக்கு இசையமைக்கிறார். அடுத்த ஆண்டு நாடகத்திற்கு இசை தரச் சம்மதித்திருப்பது அவருடைய பெருந்தன்மை.

ஆகவே செயற்குழுவின் முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கிறோம். வேலை தொடங்குமுன் எத்தனை பாட்டு, எவ்வளவு தொகை என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். தொகையில் பாதியை முன்பணமாகத் தர வேண்டும். நோட்டீசில் நாடகாசிரியர் பெயருக்கு அடுத்த வரியில் இசையமைத்தவர் பெயர் வர வேண்டும். மெட்டு அவருக்கே சொந்தம். பிற இடத்தில் அதைப் பயன்படுத்த அவருக்குத் தடையில்லை என்பதையும் அத்தாளில் குறிக்க வேண்டும்.

பணம் எங்கே என்று கேட்பீர்கள். சிற்றுண்டியில் ஒரு வடையைக் குறைத்துக்கொள்வோம். மேலும், 2016ஆம் ஆண்டு நாடகத்திற்குரிய தொகை இன்னும் நிலுவையில் இருப்பதாகவே நாம் கருதுகிறோம். ரயில்வேயில் நிலுவைச் சம்பளம் எத்தனை ஆண்டு கழித்து வந்தாலும் நாம் விடுவதில்லை, கேட்டுப் பெறுகிறோம். கேட்கக் கூசுகிற ஒருவருக்கு, அவர் கேளாமலே கொடுப்பது நம் கடமை. அந்நிலுவைக்கு முதல் தவணையாக நம் சொந்தப் பணத்தில் ரூ. 1,000ஐப் பொருளாளர் மேசையில் வைத்துவிட்டு அமர்கிறோம்.