அகராதியோடு வாதிட்ட வாசகர்

1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது தில்லியில் வீட்டுக்குள்ளேயே முடங்கியிருந்த கவிஞர் மிர்சா காலிப், 17ஆம் நூற்றாண்டில் கோல்கொண்டா அரசில் தொகுக்கப்பட்ட ‘புர்ஹானே காத்தி’ என்னும் பாரசீக அகராதியை ஊன்றிப் படித்து, பிழையெனத் தமக்குப் பட்டவற்றையெல்லாம் குறித்துவைத்தார். அக்குறிப்புகள் 1862இல் ‘காத்தியே புர்ஹான்’ என்னும் கண்டனநூலாக, அதாவது பிறநூற் கருத்தை மறுத்துரைக்கும் நூலாக வெளிவந்தபோது, அகராதியின் பற்றாளர் பலர் வெகுண்டு எதிர்நூல்கள் எழுதினர். சொல்லாராய்ச்சியில் அவரும் சிற்சில இடங்களில் சறுக்கினார் என்றாலும், பெயர்பெற்ற நூலென்று தலைவணங்கிவிடாமல் பதிவுதோறும் நின்று வழக்காடிய அவ்வாசிப்பு உயர்ந்ததே. இத்தனைக்கும் அவர் நூல்களை விலைக்கு வாங்காமல் பெரும்பாலும் வாடகைக்குப் பெற்றே படித்தவர் என்று அவருடைய மாணாக்கர் ஹாலி எழுதியிருக்கிறார்.