புராஸ்டேட் புற்றுநோய்ப் பரிசோதனை: குணதோஷ விசாரணை

(வட்டக்கோட்டையில் கூடிய நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நமது சங்கத்தார் நடத்தவிருக்கும் வைத்திய முகாமில், ஐம்பது வயது கடந்த ஆண்மக்கள் அனைவர்க்கும் புராஸ்டேட் புற்றுநோய்க்கான இரத்தப் பரிசோதனை செய்விக்க வேண்டுமென இளைஞர் சிலர் விரும்புகின்றனர். அவர்தம் விருப்பம் அன்பினின்று பிறந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும், நன்மையெனத் தோன்றுவன யாவும் எல்லார்க்கும் நன்மையாய் முடிவதில்லை. யான் வைத்தியன் அல்லேன், தமிழாசிரியன். வைத்திய அறிஞர் ஆராய்ந்து வெளியிட்டவற்றைக் கற்று, என் சிற்றறிவுக்கு எட்டியவாறு இதன் குணதோஷங்களை உங்கள்முன் வைக்கின்றேன்.

புராஸ்டேட் என்பது ஆண்மக்களின் மூத்திரப்பைக்குக் கீழே, நெல்லிக்காய் அளவினதாய் அமைந்த ஒரு சுரப்பி. அதில் உண்டாகும் பி.எஸ்.ஏ. என்னும் புரதம் சிறிதளவு இரத்தத்திலும் கலந்திருக்கும். புற்றுநோய் தோன்றின் இவ்வளவு பெரும்பாலும் மிகும். ஆனால் முதுமையில் சுரப்பி இயல்பாகப் பருத்தாலும், அழற்சி கண்டாலும் மிகும். மில்லிலிட்டருக்கு 4 முதல் 10 நானோகிராம் வரை இருப்போரைச் சதைத்துணுக்கு எடுத்துச் சோதித்தால், ஏறத்தாழ நால்வரில் ஒருவர்க்கே புற்றுநோய் காணப்படும். ஏனை மூவர்க்கும் அச்சமே மிச்சம்.

நாம் கூடியிருக்கும் இக்கோட்டையை நோக்குங்கள். டி லனாய் தளபதியின் மேற்பார்வையில் திருவிதாங்கூர் அரசர் கட்டுவித்தது இது. இதன் மதில்மேல் நின்ற காவலன், கடலிற் கண்ட ஓடமெல்லாம் பகைவர் கலமென்று பீரங்கி தொடுத்திருப்பின், நம்மவர் கட்டுமரங்களே மூழ்கியிருக்கும். காவலும் வேண்டும், கண்டதைப் பகுத்தறிதலும் வேண்டும்.

முதற்கண் நன்மையைக் கூறுவோம். ஐரோப்பாவில் எட்டு நாடுகளில், 55 முதல் 69 வயதுவரையுள்ள 1,62,000-க்கு மேற்பட்ட ஆண்களைக் கொண்டு 1993-ஆம் ஆண்டு ஓர் ஆராய்ச்சி தொடங்கப்பெற்றது. அதன் 23 ஆண்டுப் பலன் 2025-இல் வெளிவந்தது. சோதனைக்கு அழைக்கப்பட்டோரிடை இந்நோயால் நேர்ந்த மரணம் 13 சதவீதம் குறைந்தது. ஆயிரவர்க்குப் பதினாறாக இருந்தது பதினான்காயிற்று. அஃதாவது 456 பேரை அழைத்தால் ஒருவர் இம்மரணத்தினின்று தப்புவர். ஒருவர்தாமே எனல் ஆகாது. அவர்தம் வீட்டார்க்கு அவரே உலகம்.

இனித் தீமையைக் கூறுவோம். அவ்வொருவரைக் காக்கும்பொருட்டுக் கூடுதலாகப் பன்னிருவர் புற்றுநோயாளர் எனப் பெயர்பெற்றனர். இந்நோய் பலரிடத்து மிக மெல்ல வளர்வது. வாழ்நாள் முழுதும் துன்பம் தராமலே இருந்துவிடுதலும் உண்டு. பிரிட்டனில் நோய் கண்ட 1,643 பேரைக் கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு என மூவகையாகப் பிரித்து நோக்கினர். பதினைந்து ஆண்டுகளுக்குப் பின், எப்பிரிவிலும் நூற்றுக்கு மூவரளவே இந்நோயால் மாண்டனர் என்பது 2023-இல் தெரியவந்தது. அறுவை செய்துகொண்டோர் பலர்க்கோ சிறுநீர் அடங்காமையும், இல்லற வாழ்விற் குறையும் நேர்ந்தன.

என் உறவினருள் முதியவர் இருவர். ஒருவர்க்கு இரத்த அளவு சிறிது மிகுந்திருந்தது. சதைத்துணுக்கு எடுத்தபின் கடுஞ்சுரம் கண்டு பத்து நாள் படுக்கையிற் கிடந்தார். முடிவில் புற்றுநோய் இல்லையென்றனர். மற்றவர் மூத்திரம் தடைப்பட்டும், இடுப்பெலும்பு வலித்தும், மூப்பென்று எண்ணி ஓராண்டு வாளாவிருந்தார். நோய் எலும்பிற் பரவியபின்னரே வைத்தியரைக் கண்டார். முன்னவர் பட்டது சோதனையின் தீங்கு. பின்னவர் பட்டது சோதனையின்மையின் தீங்கு அன்று, அறிகுறியைப் புறக்கணித்ததன் தீங்கு. இவ்விரண்டையும் ஒன்றாக மயங்குதல் கூடாது.

அமெரிக்க நோய்த்தடுப்பு வல்லுநர் குழு 2012-இல் இச்சோதனை வேண்டாவென்றது. 2018-இல், 55 முதல் 69 வயதினர் வைத்தியரோடு கலந்து தாமே தீர்மானிக்கலாம் என்றும், எழுபது கடந்தோர்க்கு வேண்டாவென்றும் திருத்தியது. இதுவே நடுநிலையென எனக்குத் தோன்றுகிறது. தந்தைக்கோ உடன்பிறந்தார்க்கோ இந்நோய் இருந்திருப்பின், முன்னதாகவே வைத்தியரைக் கலத்தல் நன்று. சிறுநீரில் இரத்தம், தடை, எலும்பு வலி கண்டோர் எவ்வயதினராயினும் தாமதியாது செல்லுக. ஆனால், வரிசையில் நிறுத்தி எல்லாரிடமும் இரத்தம் எடுத்து, எண்ணை மட்டும் கையிற் கொடுத்து அனுப்புதல் தகாது.

அங்ஙனமாயின் முகாமில் என் செய்வது? அண்டையிலுள்ள திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-இல் தொடங்கிய ஆராய்ச்சியொன்றில், பயிற்சி பெற்றோர் வீடுதோறும் சென்று மக்களின் வாயைத் திறந்து பார்த்தனர். புகையிலையும் மதுவும் பழகியோரிடை வாய்ப்புற்றுநோய் மரணம் 34 சதவீதம் குறைந்தமை 2005-இல் வெளியாயிற்று. வெற்றிலையோடு புகையிலை சேர்ப்போர் நம்முள் பலர். இச்சோதனைக்கு வேண்டுவன வெளிச்சமும் பழகிய கண்களுமே. நமது அரசாங்கத்தாரும் முப்பது வயது கடந்தோர்க்கு வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகியவற்றின் புற்றுநோய்ச் சோதனையையே திட்டமாக வகுத்துள்ளனர். புராஸ்டேட் அதிற் சேரவில்லை.

ஆதலின், முகாமில் வாய்ச் சோதனையை யாவர்க்கும் செய்விப்போம். புராஸ்டேட் பற்றி விரும்புவோர் தனித்திருந்து வினவ வைத்தியர் ஒருவரை அமர்த்துவோம். அறிந்து ஒப்புபவர் செய்துகொள்க; வேண்டாவென்பாரை எள்ளாதிருப்போம். இதனைச் சங்கத்தார் ஆராய்ந்து முடிவு செய்யும்படி வேண்டி அமைகின்றேன்.