காசிக்குக் காரில் போகிறீர்களா?

மயிலாப்பூரிலிருந்து காசிக்குச் சாலை வழியே சுமார் 2,000 கிலோமீட்டர். விஜயவாடா, நாக்பூர், ஜபல்பூர் என மூன்றே நாளில் போய்விடலாம் என்று பிள்ளைகள் கணக்குப் போடுகிறார்கள். வயதான அப்பா அம்மாவுக்கு அது ஒத்துவராது. நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் பயணம் செய்தால் ரத்த உறைவு அபாயம் ஏறக்குறைய இரு மடங்காகும் என்று 2007-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. ரயிலில் போகலாமே என்பீர்கள். ரயிலிலும் அசையாமல் இருந்தால் அதே அபாயம்தான். கார் கேட்ட இடத்தில் நிற்கும். கழிப்பறைக்குப் பயந்து தண்ணீரே குடிக்காத அம்மாவுக்கு அது பெரிய உதவி. ஆகவே இரண்டு மணிக்கொரு முறை இறங்கி நடக்க வையுங்கள், பிரஷர், சர்க்கரை மாத்திரைகளைக் கைப்பையில் வையுங்கள், இருட்டுமுன் தங்கிவிடுங்கள். நாளும் செலவும் கூடும்தான். கூடட்டும், போய்ச்சேரும் நாளைப் பெற்றோரின் உடம்பு முடிவு செய்யட்டும்.