பொதுப் பண்டமும் பொது விளம்பரமும்



நாமக்கல் வட்டாரத்தின் இரு பண்ணைகளிலிருந்து வந்த முட்டைகளை ஒரு தட்டில் கலந்து வைத்தால், எது எவருடையது என்று யாராலும் சொல்ல இயலாது. சோப்புச் செய்பவர் தம் சரக்குக்குப் பெயர் சூட்டிப் புகழலாம். செலவிட்ட பணம் அவருக்கே திரும்பும். முட்டை உற்பத்தி செய்பவர் தம் பொருளைச் செலவிட்டு, முட்டை உண்ணுங்கள் என்று கூவினால், பயன் எல்லாப் பண்ணைகளுக்கும் போய்ச் சேரும். ஆகவே தனியே கூவ எவரும் துணிவதில்லை. எல்லாரும் சிறிது சிறிது கொடுத்துப் பொதுவில் விளம்பரம் செய்வதே இதற்கு வழி. 1982-ஆம் ஆண்டு தோன்றிய தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அவ்வழியையே பின்பற்றியது.

இவ்வழி நம் நாட்டுக்குப் புதிதன்று. தேயிலைத் தொழிலினர் தாமே வேண்டிக்கொண்டதன் பேரில், ஏற்றுமதியாகும் தேயிலைமீது தீர்வை விதிக்கும் சட்டம் 1903-ஆம் ஆண்டு பிறந்தது. அப்பணம் விளம்பரத்துக்கே உரியது. 1930-களில் உலகெங்கும் விலை வீழ்ந்தது. 1933-ஆம் ஆண்டு உடன்படிக்கை ஏற்றுமதிக்கும் வரம்பு கட்டியது. விற்காத சரக்கை என் செய்வது? தொழிலினரின் பார்வை உள்நாட்டு மக்கள்மீது திரும்பியது. ஊர் ஊராகச் சென்று தேநீர் தயாரித்துக் காட்டினர். இலவசமாக ஊற்றிக் கொடுத்தனர். இரயில் நிலையங்களில் செய்முறையைப் பலகைகளில் எழுதி வைத்தனர். காந்தியடிகள் போன்றோர் இப்பழக்கத்தை ஏற்கவில்லை. எனினும் இன்று இந்தியாவில் விளையும் தேயிலையில் பெரும்பகுதியை இந்தியரே அருந்துகின்றனர். இதற்கு விளம்பரம் மட்டுமே காரணம் என்று கூறிவிட முடியாது. விடுதலைக்குப் பின் மலிவாகக் கிடைத்த தூள் தேயிலையும் பெருங்காரணமாகும்.

இங்கே ஒரு வினா எழுகின்றது. பணம் கொடுக்க விரும்பாதவரைக் கட்டாயப்படுத்தலாமா? அவ்வாறு செய்யாவிடின், கொடாதவரும் கொடுத்தவரோடு ஒப்பப் பயன் அடைவர்; நாளடைவில் கொடுப்பவர் எவரும் இரார். கட்டாயப்படுத்தினாலோ, ஒருவர் தாம் ஒப்பாத சொல்லுக்குத் தாமே கூலி கொடுக்க நேரும்.

அமெரிக்க நாட்டில் இவ்வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. காளான் வளர்க்கும் ஒரு நிறுவனம், "எம் காளான் பிறர் காளானினும் சிறந்தது என்பது எம் கொள்கை, எல்லாக் காளானும் நன்று என்னும் விளம்பரத்துக்கு யாம் ஏன் பணம் தரவேண்டும்?" என்னும் கருத்துப்பட வாதிட்டது. 2001-ஆம் ஆண்டு அதுவே வென்றது. மாட்டிறைச்சிக்கும் அவ்வாறே, விற்கும் மாடு ஒன்றுக்கு 1 டாலர் தீர்வை உண்டு. அதை எதிர்த்தவர்களோ 2005-ஆம் ஆண்டு தோற்றனர். அவ்விளம்பரம் அரசின் பேச்சு. வரி செலுத்துபவர் அரசின் ஒவ்வொரு சொல்லையும் ஒப்பவேண்டியதில்லை, ஆயினும் வரியை நிறுத்தவும் முடியாது என்று நீதிமன்றம் கூறியது. மாறுபட்ட நீதிபதிகளின் மறுப்பும் வலிமையுடையதே. அவ்விளம்பரங்களில் பல, மாடு வளர்ப்போரின் பெயரையே தாங்கி வந்தன. அரசின் பெயர் அவற்றில் இல்லை. பேசுவது அரசு என்றால், அதை மக்கள் அறியவேண்டாமா என்பது அவர்கள் கேள்வி.

என் கருத்து இது. பொது நன்மைக்காகத் தீர்வை வாங்குவது தவறன்று. ஆனால் கொடுப்போரின் வாக்கைப் பெற்று வாங்குதல் வேண்டும்; கணக்கை அவர் முன் வைத்தல் வேண்டும்; பேசுபவர் யார் என்பதை விளம்பரத்திலேயே சொல்லுதல் வேண்டும். இம்மூன்றும் இல்லையெனின், சிறு விவசாயியின் பணத்தில் பெரியவர் பேசுவதாகவே முடியும்.

நீங்கள் செய்யவேண்டியதும் ஒன்றுண்டு. பொது விளம்பரம் பொய் சொல்லவேண்டுவதில்லை. தனக்கு வேண்டிய உண்மையை மட்டும் சொன்னாலே போதும். தேநீர் புத்துணர்ச்சி தரும் என்று பலகை கூறும். கொழுந்து கிள்ளும் பெண்ணின் கூலி எவ்வளவு என்று கூறாது. ஆகவே, ஒரு பண்டத்தின் புகழைக் கேட்கும்போது, இதற்குப் பணம் கொடுத்தவர் யார், சொல்லாமல் விட்டது யாது என்னும் இரு வினாக்களையும் கேளுங்கள். அதன்பின் வாங்குவதும் விடுவதும் உங்கள் அறிவுக்கு உரியன.